கிரீன் கார்டும் பழைய வழக்கும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களை, எப்போதோ நடந்து முடிந்த குற்ற வழக்கைக் காரணம் காட்டி நாடுகடத்துவது பற்றியே இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருப்பதால், இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் நலன் கருதிப் பெயர்களை வெளியிடவில்லை. இங்கே தரப்படுபவை பொதுவான விளக்கங்கள். ஒருவருடைய வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்காமல் முடிவான ஆலோசனை சொல்ல எவராலும் இயலாது.

கேள்வி: 2001-இல் கிரீன் கார்டு பெற்றேன். 2004-இல் ஒரு கடையில் 150 டாலருக்கும் குறைவான பொருளைப் பணம் கொடுக்காமல் எடுத்துவந்ததாக என்மீது வழக்குப் பதிவானது. நகராட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். பின்னர் நீதிமன்ற ஆணை பெற்று அந்தப் பதிவையே அழித்துவிட்டேன். வேறு வழக்கு எதுவும் இல்லை. வரும் தை மாதம் தங்கை மகளின் திருமணத்துக்குத் தஞ்சாவூர் போகவேண்டும். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் தடுத்து நிறுத்துவார்களா?
— ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்காவுக்குள் வாழும் நிரந்தர வசிப்பாளரை வெளியேற்றுவதற்கான காரணங்கள் ஒரு பட்டியலிலும், நாட்டுக்குள் நுழைய வருபவரைத் தடுப்பதற்கான காரணங்கள் வேறொரு பட்டியலிலும் உள்ளன. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போனாலும் முழுவதும் ஒன்றல்ல. முதல் பட்டியலில் அகப்படாத வழக்கு இரண்டாவதில் அகப்படலாம் என்பதால்தான், பல ஆண்டுகள் வேலைக்குப் போய், வரி கட்டி, வீடு வாங்கித் தொல்லையின்றி வாழ்ந்த ஒருவர், இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது முதன்முறையாகச் சிக்கலைச் சந்திக்கிறார்.

திருட்டு என்பது பொதுவாக, ‘மாரல் டர்பிட்யூட்’ என்று சட்டம் குறிப்பிடும் நெறிகெட்ட குற்றங்களின் வகையைச் சேர்ந்தது. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் அப்படியொரு குற்றத்தைச் செய்து, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தால், ஒரே வழக்கே நாடுகடத்தலுக்குப் போதுமானது. கவனிக்க வேண்டியது, உங்களுக்கு உண்மையில் என்ன தண்டனை கிடைத்தது என்பதையல்ல, அதிகபட்சம் எவ்வளவு விதித்திருக்க முடியும் என்பதையே. நியூ ஜெர்சியில் 200 டாலருக்குக் குறைந்த கடைத்திருட்டு மிகச் சிறிய குற்ற வகையில் அடங்குகிறது. அதற்கான அதிகபட்சச் சிறை 6 மாதம். ஆகவே 5 ஆண்டுக்குள் நடந்திருந்தும் முதல் பட்டியலில் நீங்கள் அகப்படவில்லை. இரண்டாவது பட்டியலிலோ, இத்தகைய குற்றம் வாழ்நாளில் ஒன்றே ஒன்றாக இருந்து, அதன் அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாமலும், விதிக்கப்பட்ட தண்டனை 6 மாதத்தைத் தாண்டாமலும் இருந்தால் ‘சிறு குற்றம்’ என்று விலக்கு உண்டு. நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் சரியாக இருக்குமானால் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும். அதே வகையில் இன்னொரு வழக்கு இருந்திருந்தால் இந்த விலக்கும் போயிருக்கும். எப்போது நடந்தது, எத்தனை நாள் சிறை என்ற கேள்விக்கே இடமின்றி முதல் பட்டியலிலும் சேர்ந்திருப்பீர்கள்.

பதிவை அழித்துவிட்டதை நம்பி இருந்துவிடாதீர்கள். மாநிலச் சட்டப்படி அழிக்கப்பட்ட பதிவு வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் உதவும். குடிவரவுச் சட்டத்தின் முன் அந்தத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. எஃப்.பி.ஐ.யிடம் உள்ள கைரேகை விவரத்தில் கைதானது தெரியும். அது எப்படி முடிந்தது என்பது பல நேரங்களில் தெரியாது. அழித்ததனால் ஏற்படும் உண்மையான இடைஞ்சல், நிரூபிக்க உங்கள் கையில் தாள் இல்லாமற்போவதுதான். அழித்த ஆணையைக் காட்டியாவது நீதிமன்ற எழுத்தரிடம் குற்றச்சாட்டு, நீங்கள் ஒப்புக்கொண்ட சட்டப்பிரிவு, தண்டனை ஆகியவை அடங்கிய சான்றிட்ட நகலைப் பெற்று, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, இந்த விலக்கு பொருந்துவதை விளக்கும் ஒரு கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்ட விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும்போது பெட்டி உங்களிடம் இருக்காது.

அந்த அறையில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். அது நிரந்தர வசிப்புரிமையை நீங்களே விரும்பி விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் தாள். ‘இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் உடனே போகலாம்’ என்று சொன்னாலும், குடிவரவு நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டால், கடவுச்சீட்டில் தற்காலிகச் சான்று முத்திரை கேட்டுப் பெறுங்கள். இறுதி ஆணை வரும்வரை நீங்கள் நிரந்தர வசிப்பாளரே.

கேள்வி: 1999-இல் எச்-1பி விசாவில் வந்தேன்; 2005-இல் கிரீன் கார்டு. 2012-இல் என் காரில் சிறிதளவு கோகெய்ன் இருந்ததாக வழக்கு. ‘டெஃபர்டு அட்ஜுடிகேஷன்’ முறையில் ஒப்புக்கொண்டால் தீர்ப்பே எழுதப்படாது, உங்கள் பெயரில் குற்றம் ஏறாது என்று வழக்கறிஞர் சொன்னார். அப்படியே ஒப்புக்கொண்டு, மேற்பார்வைக் காலத்தை முடித்தேன், வழக்கும் தள்ளுபடியானது. இப்போது கிரீன் கார்டைப் புதுப்பிக்கக் கைரேகை கொடுத்த பிறகு நாடுகடத்தல் விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. தீர்ப்பே இல்லாத வழக்கில் எப்படி அழைக்க முடியும்?
— ஒரு வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்

பதில்: வழக்கறிஞர் சொன்னது டெக்சஸ் சட்டப்படி சரி. மத்தியக் குடிவரவுச் சட்டப்படி தவறு. 1996-இல் நாடாளுமன்றம் ‘குற்றத் தீர்ப்பு’ என்பதற்குத் தானே ஓர் இலக்கணம் வகுத்தது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்து, நீதிபதி அவருடைய சுதந்திரத்தின்மீது ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டையோ தண்டனையையோ விதித்திருந்தால், மாநிலம் அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் அது தீர்ப்புத்தான். மேற்பார்வைக் காலம் ஒரு கட்டுப்பாடு. அது முடிந்தபின் வந்த தள்ளுபடி குடிவரவு நீதிபதியின் கண்ணில் படாது. போதைப்பொருள் விஷயத்தில் இச்சட்டம் இன்னும் கடுமையானது. சொந்த உபயோகத்துக்காக 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவை ஒருமுறை வைத்திருந்தது மட்டுமே விலக்கு. கோகெய்னுக்கு விலக்கில்லை, கால வரம்பும் இல்லை.

ஆனாலும் உங்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. முதலாவது, குடிவரவு நீதிமன்றத்திலேயே உள்ளது. நிரந்தர வசிப்பாளராக 5 ஆண்டுகளும், ஏதேனும் ஒரு முறையான அனுமதியோடு நுழைந்தபின் தொடர்ச்சியாக 7 ஆண்டுகளும் வாழ்ந்திருந்து, ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்ற கொடுங்குற்ற வகையில் தண்டிக்கப்படாதிருந்தால், நாடுகடத்தலை ரத்துசெய்யுமாறு நீதிபதியிடம் வேண்டலாம். அந்த 7 ஆண்டுக் கணக்கு, வழக்கு வந்த நாளிலோ தீர்ப்பு வந்த நாளிலோ நிற்பதில்லை. குற்றம் நடந்த நாளிலேயே நின்றுவிடுகிறது. இக்கணக்கில் சில மாதங்கள் குறைந்ததால் வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. 2020-இல் பார்டன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவ்விதியைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. நீங்கள் 1999-இல் வந்தவர், சம்பவம் 2012-இல் நடந்தது. ஆகவே இந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள். சிறிதளவு வைத்திருந்த முதல் வழக்கு பொதுவாகக் கொடுங்குற்ற வகையில் வராது. இதன்பின் எல்லாம் நீதிபதியின் விருப்புரிமையைப் பொறுத்தது: வரிக் கணக்குகள், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், மேலதிகாரியின் சான்று, போதைமீட்புச் சிகிச்சையை முடித்த பதிவு, எல்லாவற்றுக்கும் மேலாக நடந்ததை மழுப்பாத உங்கள் வாக்குமூலம். குற்றம் நடக்கவே இல்லை என்று வாதாட இந்த விண்ணப்பம் இடமன்று. அதைச் சிறிதாக்கிக் காட்ட முயல்பவர்களை நீதிபதிகள் நம்புவதில்லை.

இரண்டாவது வழி, பழைய வழக்கையே திறப்பது. 2010 மார்ச் 31 அன்று பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், குடியுரிமை இல்லாத ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன், அதனால் வரக்கூடிய நாடுகடத்தலைப் பற்றி எடுத்துரைப்பது அவருடைய வழக்கறிஞரின் அரசியலமைப்புக் கடமை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஹோண்டுராஸில் பிறந்து, வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி, 40 ஆண்டுகளுக்கும் மேலாக நிரந்தர வசிப்பாளராக இருந்தவர். ‘இவ்வளவு காலம் இங்கே இருக்கிறீர்கள், கவலை வேண்டாம்’ என்று அவருடைய வழக்கறிஞரும் சொல்லியிருந்தார். 2013-இல் நீதிமன்றம், இக்கடமை 2010-க்கு முன்பே முடிந்துபோன வழக்குகளுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது என்று கூறிவிட்டது. உங்கள் ஒப்புதல் 2012-இல் நடந்ததால் நீங்கள் கோட்டுக்கு இப்புறம் நிற்கிறீர்கள். 2017-இல் வென்ற லீ என்பவரின் நிலை உங்களுடையதை ஒத்தது: தென் கொரியாவிலிருந்து சிறுவனாக வந்து, டென்னசியில் உணவகம் நடத்தியவர், போதைமாத்திரை வழக்கில் நாடுகடத்த மாட்டார்கள் என்ற வழக்கறிஞரின் வாக்கை நம்பி ஒப்புக்கொண்டவர். எதிராகச் சான்றுகள் வலுவாக இருந்தபோதும், உண்மை தெரிந்திருந்தால் அவர் விசாரணையையே தேர்ந்திருப்பார் என்பதை நீதிமன்றம் ஏற்றது.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய தீர்ப்பை ரத்துசெய்யும் மாநில நீதிபதி, அன்றைய நடைமுறையில் சட்டப் பிழை இருந்தது என்று எழுத வேண்டும். ‘நல்லவர், திருந்திவிட்டார், குடும்பம் பிரியக்கூடாது’ என்று இரக்கப்பட்டு ரத்துசெய்தால் குடிவரவு நீதிமன்றம் அதை ஏற்காது. எனவே மனுவை எழுதுபவர் குற்றவியல் சட்டத்தோடு குடிவரவுச் சட்டமும் அறிந்தவராக இருக்க வேண்டும். இல்லையேல் செலவழித்துப் பெறும் ஆணை செல்லாத தாளாகிவிடும்.

கேள்வி: ஒரு குற்றத்துக்கு ஒருமுறைதானே தண்டனை? சிறைவாசம் முடித்தவரை இருபது ஆண்டு கழித்து நாட்டைவிட்டு அனுப்புவதும், குற்றம் நடந்த பின்பு இயற்றிய சட்டத்தைக் கொண்டு அனுப்புவதும் அமெரிக்க அரசியலமைப்புக்கு எப்படிப் பொருந்தும்?
— ஒரு வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்

பதில்: பொருந்தும் என்று நீதிமன்றங்கள் சொல்வதற்குக் காரணம், நாடுகடத்தல் தண்டனையே அல்ல என்ற கோட்பாடு. வசிப்புச் சான்று இல்லாத சீனத் தொழிலாளர்களை வெளியேற்றுவது பற்றிய வழக்கில் 1893-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது அது; தலைமை நீதிபதி உட்பட மூன்று நீதிபதிகள் அன்றே அதற்கு உடன்படவில்லை. தண்டனை இல்லை என்று ஒருமுறை வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வந்துசேர்கின்றன: இரட்டைத் தண்டனைத் தடை பொருந்தாது, குற்றம் நடந்தபின் இயற்றும் தண்டனைச் சட்டத்துக்கான தடை பொருந்தாது, அரசுச் செலவில் வழக்கறிஞரும் கிடையாது. 2010-இல் பாடில்லா தீர்ப்பை எழுதிய நீதிமன்றமே, நாடுகடத்தல் குற்றவியல் தண்டனையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த கடுமையான விளைவு என்று ஒப்புக்கொண்ட பின்பும், பழைய கோட்பாட்டைக் கைவிடவில்லை.

‘அக்ரவேட்டட் ஃபெலனி’ என்ற சொல் 1988-இல் சட்டத்தில் நுழைந்தபோது கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் ஆகிய மூன்றையே குறித்தது. அந்த மூன்றில் எவரும் குறை காண்பது கடினம். 1996-இல் ஏப்ரலிலும் செப்டம்பரிலும் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்களுக்குப் பிறகு அது இருபதுக்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட நீண்ட பட்டியலாகிவிட்டது. திருட்டுக்கும் வன்முறைக் குற்றத்துக்கும் 5 ஆண்டுத் தண்டனை என்றிருந்த வரம்பு ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. மோசடியில் 2 லட்சம் டாலர் இழப்பு என்றிருந்தது 10,000 டாலராக்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை விலைவாசி எவ்வளவு உயர்ந்தாலும் அந்தத் தொகை உயர்த்தப்படவில்லை. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் முழுத் தண்டனையாகவே எண்ணப்படுகிறது. ஒருநாள்கூடச் சிறையில் இராதவர் ‘ஓராண்டுத் தண்டனை பெற்றவர்’ ஆகிவிடுகிறார். ஆகவே மாநிலச் சட்டத்தில் சிறு குற்றமாக உள்ள ஒன்றும் இங்கே கொடுங்குற்றம் என்ற பெயர் பெறுகிறது. இவ்வளவையும் பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். இந்தக் கடைசிப் பகுதியை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயப்படுத்த இயலவில்லை; ஒருவர் அன்றிருந்த சட்டத்தைப் பார்த்துக் கணக்கிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டபின், அந்த ஒப்புதலின் விலையை மட்டும் பின்னால் உயர்த்துவது நேர்மையான பேரம் ஆகாது.

நீதிமன்றமும் ஆங்காங்கே இப்படிக் கருதியிருக்கிறது. 2001-இல் செயின்ட் சிர் வழக்கில், 1996-க்கு முன் ஒப்புக்கொண்டவர்கள் நாடுகடத்தலிலிருந்து காக்க அன்றிருந்த 212(சி) என்ற சட்டப்பிரிவின் மன்னிப்பை இன்றும் கேட்கலாம் என்று 5-க்கு 4 என்ற அளவில் தீர்ப்பானது. 2012-இல் வர்டெலஸ் என்ற கிரேக்கருக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது: 1994-இல் தண்டிக்கப்பட்ட அவர், 2003-இல் பெற்றோரைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் நியூயார்க் திரும்பியபோது விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார், 1996-க்கு முந்தைய தீர்ப்பை வைத்து இப்படித் தடுக்கப் புதிய விதி பயன்படாது என்றது நீதிமன்றம். 2018-இல் டிமாயா வழக்கில் ‘வன்முறைக் குற்றம்’ என்பதற்கான இலக்கணத்தின் ஒரு பாதி தெளிவற்றது என்று நீக்கப்பட்டது. மறுபுறம், இந்தியாவிலிருந்து 1985-இல் குடியேறிய ஒருவரின் வழக்கில் 2009-இல், மோசடிச் சட்டத்தில் தொகை குறிப்பிடப்படாவிட்டாலும் உண்மையில் ஏற்பட்ட இழப்பை ஆவணங்களிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அரசுக்குச் சாதகமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது. உங்கள் தீர்ப்பு 1996-க்கு முந்தையதாக இருந்தால், ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று யார் சொன்னாலும் 212(சி) பற்றி அவர் பார்த்தாரா என்று கேளுங்கள்.

கேள்வி: என் மகன் சிகாகோ பக்கம் கணினி வேலையில் இருக்கிறான். கிரீன் கார்டு வாங்கி 9 வருடம் ஆகிறது. அதற்கு முன்னும் 6 வருடம் அங்கேதான் வேலை. சென்ற ஆண்டு கணவன் மனைவிக்குள் சண்டை முற்றி, மருமகள் போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். வழக்கில் ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் காலத்தில் இருந்தான். இப்போது குடிவரவுத் துறையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. ஜாமீன் உண்டா? நான் மருமகளிடம் பேசி வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லலாமா? தூதரகத்தில் சொன்னால் விடுவிப்பார்களா?
— ஒரு தாய், திருச்சிராப்பள்ளி

பதில்: அம்மா, முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்: மருமகளிடம் இது குறித்துப் பேசவேண்டாம், உறவினர் மூலமாகவும் பேசவேண்டாம். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் பெரும்பாலும் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும். அதில் நேரடியாகவோ பிறர் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது என்று இருந்தால், மகனுக்காக நீங்கள் தொலைபேசியில் பேசுவதும் அவன் ஆணையை மீறியதாகக் கொள்ளப்படலாம். ஆணையை மீறியதாக நீதிமன்றம் காண்பதே, தனித் தண்டனை இல்லாமலும், நாடுகடத்தலுக்கு ஒரு காரணம். பெரியவர்கள் நடுவில் இருந்து சமாதானம் பேசி முடிப்பது நம் வழக்கம். அங்கே அது மகனைத்தான் பாதிக்கும். தவிர, தீர்ப்பான வழக்கை மருமகள் நினைத்தாலும் வாபஸ் பெற முடியாது. வழக்கு நடத்தியது அரசு. அவள் அன்று போலீஸை அழைத்ததற்குத் தகுந்த காரணம் இருந்திருக்கலாம் என்பதையும் நீங்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

மகன் இருக்கும் இடத்தைக் குடிவரவுத் துறையின் இணையத் தேடலில், அவனுடைய ‘ஏ’ எண்ணையும் (அத்துறை அவனுக்குத் தந்த பதிவு எண்) பிறந்த நாட்டையும் கொடுத்துப் பார்க்கலாம். அந்த எண் கிரீன் கார்டிலேயே அச்சிட்டிருக்கும். உங்களிடம் பழைய நகல் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லினாய்ஸ் மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டத்தால் தன் சிறைகளைக் குடிவரவுக் காவலுக்குத் தர மறுத்துவிட்டதால், அவன் வேறு மாநிலத்தில் வைக்கப்பட்டிருக்கக் கூடும். பெயர் காணவில்லை என்று பதற வேண்டாம், இடமாற்றம் நடக்கும் நாட்களில் அப்படி ஆவதுண்டு. இந்தியத் துணைத் தூதரகம் சிகாகோவில் உள்ளது. வியன்னா உடன்படிக்கைப்படி அவர்கள் அவனைச் சந்திக்கலாம், நலம் விசாரிக்கலாம், வழக்கறிஞர் பட்டியல் தரலாம். விடுவிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

ஜாமீன் குறித்து ஓரளவு நம்பிக்கையோடு எழுதலாம். போதைப்பொருள், துப்பாக்கி, கொடுங்குற்ற வகை போன்ற தீர்ப்புகள் உள்ளவர்களை ஜாமீன் இன்றியே வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். 2003-இலும் 2019-இலும் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குடும்ப வன்முறை என்ற காரணம் மட்டும் இருந்தால் அந்தக் கட்டாயக் காவல் பட்டியலில் அது இல்லை. ஆகவே மகன் ஜாமீன் விசாரணை கேட்கலாம். ஊரைவிட்டு ஓடிவிட மாட்டான், பிறருக்கு ஆபத்தில்லை என்ற இரண்டையும் காட்ட வேண்டும்; நீதிபதி விதிக்கும் தொகை 1,500 டாலருக்குக் குறையாது, பல மடங்கு கூடுதலாகவும் இருக்கும்.

வழக்கின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கலாம். இல்லினாய்ஸ் மாநிலத்தின் குடும்பத் தாக்குதல் சட்டப்பிரிவில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, உடலில் காயம் ஏற்படுத்துவது. மற்றது, அவமதிக்கும் அல்லது ஆத்திரமூட்டும் வகையில் தொடுவது. முதலாவது குடிவரவுச் சட்டத்தின் ‘வன்முறைக் குற்றம்’ என்பதில் அடங்கும். இரண்டாவது அடங்காது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதைவிட, அவன் எந்தக் கூறின் கீழ் ஒப்புக்கொண்டான் என்று நீதிமன்றத் தாளில் எழுதியிருப்பதே இங்கு எடைபோடப்படும். அந்தத் தாளை வழக்கறிஞர் கையில் சேர்ப்பதே இப்போது நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி. காயம் என்ற கூறாகவே இருந்தாலும், அக்குற்றத்துக்கான அதிகபட்சச் சிறை ஓராண்டுக்குக் குறைவு என்பதால் அது கொடுங்குற்றம் ஆகாது. நீங்கள் எழுதியுள்ள ஆண்டுக் கணக்குப்படி, ஹூஸ்டன் வாசகருக்குச் சொன்ன ரத்து விண்ணப்பத்தை அவனும் போடலாம். ‘கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நாடுகடத்தல் ஆணையோடு வெளியேறினால் கிரீன் கார்டு போவதோடு, பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்குத் திரும்ப நுழையவும் முடியாது. பிள்ளைகள் அங்கே இருந்தால் அது அவர்களுடைய 10 ஆண்டுகளும்கூட.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பிறகு கிரீன் கார்டு பெற்றவன். கடன் அட்டை மோசடி வழக்கொன்றில் 2 ஆண்டுகள் சிறையில் இருந்தேன். இழப்பு 10,000 டாலருக்கு மேல். இலங்கைக்கு அனுப்பினால் எனக்கு ஆபத்து உண்டு. இனி அந்தக் காரணத்தைச் சொல்ல முடியுமா?
— ஒரு வாசகர், ஸ்டேட்டன் ஐலண்ட், நியூயார்க்

பதில்: சொல்ல முடியும், ஆனால் வேறு கதவுகளின் வழியாக. அத்தொகை காரணமாக உங்கள் வழக்கு கொடுங்குற்ற வகையில் வருவதால் புகலிடம் மீண்டும் கிடைக்காது, ரத்து விண்ணப்பமும் போட முடியாது. மீதமிருப்பவை இரண்டு. ஒன்று, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ இனம், அரசியல் கருத்து முதலிய காரணங்களால் அச்சுறுத்தல் உள்ள நாட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும் பாதுகாப்பு. கொடுங்குற்றங்களுக்கான தண்டனை மொத்தம் 5 ஆண்டுகளை எட்டினால் இதுவும் தானாகவே மூடிவிடும். உங்களுடையது 2 ஆண்டு என்பதால், குற்றம் எவ்வளவு கடுமையானது என்பதை நீதிபதி தனியாக எடைபோடுவார். மற்றது, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ் வரும் பாதுகாப்பு. எந்தக் குற்றமும் இதற்கு முழுத் தடை ஆகாது. ஆனால் அரசு அதிகாரிகளாலோ அவர்களுடைய இசைவோடோ நீங்கள் சித்திரவதைக்கு உள்ளாவதற்கே சாத்தியம் அதிகம் என்று நிறுவ வேண்டும். போர் முடிந்தது 2009-இல் என்பதால், அன்றைய நிலவரத்தைக் காட்டும் பழைய அறிக்கைகள் மட்டும் போதாது. உங்களைக் குறித்த தனிப்பட்ட ஆபத்தை, அண்மைக் காலச் சான்றுகளோடு காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரித்தது, உறவினர் அழைக்கப்பட்டது போன்றவற்றை ஊரில் உள்ளவர்களிடம் தேதியிட்ட சத்தியக் கூற்றாக எழுதி வாங்குங்கள்.

இந்தப் பாதுகாப்பு கிடைத்தாலும் கிரீன் கார்டு திரும்ப வராது. அது இலங்கைக்கு அனுப்புவதை மட்டுமே தடுக்கும். ஏற்றுக்கொள்ளும் மூன்றாவது நாடொன்றுக்கு அனுப்ப அரசு முயலலாம், 2025 முதல் அரசு அந்த வழியைக் கூடுதலாகக் கையாள்கிறது. அப்படி ஒரு நாட்டின் பெயர் சொல்லப்பட்டால், அங்கும் அச்சம் உண்டெனில் அதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரே வழக்குக்காக நிரந்தர வசிப்பாளரை அனுப்பிவிடுவார்களா? எங்கள் இடத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: இரண்டு நாட்டுக் கதைகளும் கலந்து உங்கள் காதுக்கு வந்திருக்கின்றன. அமெரிக்காவில் சாதாரணமான ஒரு வழக்கு மட்டும் நாடுகடத்தலுக்குக் காரணமாகாது; காயம் ஏற்பட்டிருந்தாலும் அது வன்முறைக் குற்றமல்ல என்று 2004-இல் லியோகால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. கனடாவில்தான் நிலைமை கடுமை. 2018 டிசம்பர் 18 முதல் இக்குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டாக உயர்த்தப்பட்டது. 10 ஆண்டு விதிக்கத்தக்க எந்தக் குற்றமும் அங்கே ‘கடுங்குற்றம்’ என்பதால், அபராதத்தோடு முடிந்த வழக்கும் வெளியேற்றத்துக்கு அடிப்படையாகலாம். அந்தத் தேதிக்கு முன் நடந்ததென்றால், குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையையே பார்க்கவேண்டும் என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உங்களுக்குத் துணை. கனடாவில் ஒரு நல்ல அம்சமும் உண்டு: முறைப்படி பெற்ற குற்றப்பதிவு நிறுத்தத்தை, அதாவது பழைய குற்றப் பதிவை ஒதுக்கிவைக்கும் ஆணையை, குடிவரவுச் சட்டம் மதிக்கிறது.

கேள்வி: நாங்கள் மூவரும் 2012-இல் கிரீன் கார்டு பெற்றோம்; கணவர் 2019-இல் குடியுரிமை பெற்றுவிட்டார். 2004-இல் பிறந்த மகன் எங்களோடுதான் வளர்ந்தான். கல்லூரியில் கஞ்சா புகைப்பான் போலத் தெரிகிறது. கலிபோர்னியாவில் அது சட்டப்படி சரி என்கிறான். கிரீன் கார்டுக்கு ஆபத்து உண்டா?
— ஒரு வாசகி, சான் ஹோசே

பதில்: மாநிலச் சட்டப்படி சரிதான், 2016 வாக்கெடுப்பிலிருந்து பெரியவர்களுக்கு அங்கே தடையில்லை. குடிவரவுச் சட்டமோ மத்தியச் சட்டத்தைப் பார்க்கிறது. அதில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள். கிரீன் கார்டில் உள்ள ஒருவர் வெளிநாடு போய்த் திரும்புகையில், ‘ஆம், வைத்திருந்தேன்’ என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால், வழக்கே இல்லாமலும் நுழைவு மறுப்புக்கு ஆளாகலாம். கஞ்சாக் கடையில் வேலை பார்ப்பது அதைவிட மோசம். கைப்பேசியில் உள்ள படங்களும் பார்க்கப்படுகின்றன. பொய் சொல்வது தனிக் குற்றம் என்பதால், வழக்கறிஞர் இன்றி விடை சொல்ல விரும்பவில்லை என்பதே அத்தகைய கேள்விக்குத் தரத்தக்க பதில்.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விவரம் எல்லாவற்றையும் மாற்றுகிறது. 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை கிரீன் கார்டோடு, குடியுரிமை பெற்ற தாய் அல்லது தந்தையின் பொறுப்பில், அவரோடு அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்தால், பெற்றவர் குடியுரிமை பெறும் நாளிலேயே விண்ணப்பம் ஏதும் இன்றித் தானும் குடிமகன் ஆகிவிடுகிறான். 2019-இல் உங்கள் மகனுக்கு 15 வயதுக்கு மேல் இராது. அன்று அவன் உங்கள் வீட்டில் இருந்தான் என்றால் அவனுடைய கையில் இருக்கும் கிரீன் கார்டுக்கு இப்போது பொருளில்லை. அவன் நாடுகடத்தப்பட முடியாத அமெரிக்கக் குடிமகன். கணவரின் குடியுரிமைச் சான்றிதழ், மகனின் பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு, அந்த ஆண்டின் பள்ளிப் பதிவு ஆகியவற்றோடு அவனுக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டு கேட்டு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.